பச்சைக் கம்பி

அத்தியாயம் 11

திருமங்கலம் தாண்டும் வரை விருமாண்டி ஒரு வார்த்தை பேசவில்லை. பேரையூர் பஸ்ஸின் கடைசி இருக்கையில், இரண்டு கைகளையும் தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

செல்லத்தாய் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். வெயில் காலையிலேயே ஏறிவிட்டது. பருத்தி எடுத்து முடிந்த கரிசல் காடு இரண்டு பக்கமும் வெடித்துக் கிடந்தது.

"அந்தப் பிளக்கு எங்க போச்சுன்னு யோசிச்சீங்களா?" என்றாள் திடீரென்று.

அவன் குனிந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கேக்குறேன்ல? என் கண்ணு முன்னாலதான மாட்டுனீங்க. நம்ம கடை வாசல்ல நின்னு, மூணு கம்பியையும் சீவி, திருகு இறுக்கி, இழுத்து வேற பாத்தீங்க. நான் டீ கொண்டாந்து வச்சது ஆறிப்போச்சு. அப்படி மாட்டுன பிளக்க எவனோ கழட்டியிருக்கான். அத நேத்து அத்தனை பேரு முன்னால சொல்லியிருக்க வேணாமா?"

"சுடுகாட்டுல நின்னு பிளக்கப் பத்திப் பேசச் சொல்றியா?"

அவள் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நேற்றுச் சுடுகாட்டில் பேசியவர் அண்ணன் நல்லகாமன்தான். சிதையில் தீ வைத்துவிட்டுத் திரும்பியவர், கூட்டத்தின் ஓரத்தில் நின்ற தம்பியைப் பார்த்ததும் நேராக நடந்து வந்தார். "ஒரு பிளக்கு மாட்டக்கூட ஒனக்குக் கை வரலையாடா? எம்பொண்டாட்டியக் கரண்டு வச்சுக் கொன்னுட்டியேடா!"

யாரும் தடுக்கவில்லை. விருமாண்டியும் எதிர்த்துப் பேசவில்லை. கடைசி பஸ் பிடித்து ஆரப்பாளையம் வந்து சேர்ந்தான். இரவெல்லாம் தூங்கவில்லை.

இந்த ஒயரிங் வேலைக்கு முன்னால் ஆறு வருஷம் அந்த அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டதில்லை. அப்பா செத்தபோது நல்லகாமன் பட்டாளத்தில், எங்கோ வடக்கே இருந்தார். தந்தி கிடைத்து ரயிலேறி அவர் வருவதற்குள் உடம்பு தாங்காது என்று பெரியவர்கள் சொல்ல, விருமாண்டி கொள்ளி வைத்துவிட்டான். மூத்த மகன் முகம் பார்க்காமல் அப்பா போனது நல்லகாமனுக்கு ஆறவே இல்லை.

அவர் ஓய்வு பெற்றுத் திருநகரில் வீடு பார்த்துக் குடிவந்த பிறகும் அந்தப் பகை அப்படியேதான் இருந்தது. அதை ஆற்றியது ஒரு வண்டி.

ஏலத்தில் எடுத்த பழைய ஆம்புலன்ஸ் அது. வெள்ளைப் பெயிண்டின் மேல் பச்சை அடித்து, உள்ளே இரண்டு படுக்கை, ஒரு ஸ்டவ் மேடை, சாமான் வைக்க மரப்பெட்டி என்று ஒரு வீடாகவே ஆக்கிவிட்டார் நல்லகாமன். போகிற ஊரில் சத்திரத்திலோ பெட்ரோல் பங்கிலோ வண்டியை நிறுத்தி, அங்கிருந்து கரண்டு இழுத்து ஃபேனும் லைட்டும் போட்டுக்கொள்ள வேண்டும். அந்த வேலைக்காக ஒருநாள் தம்பி கடை வாசலில் வந்து நின்றார்.

"இருபத்திரெண்டு வருஷம் நான் ஒரு பக்கம், அவ ஒரு பக்கம் கிடந்தோம். இனிமே காசி வரைக்கும் அவளக் கூட்டிட்டுப் போகப் போறேன். ஒயரிங் நீ பண்ணிக் குடுப்பியா?"

விருமாண்டி நான்கு நாள் வேறு வேலைக்கே போகவில்லை.

காசிக்குக் கிளம்புமுன் ஒரு சோதனைக்காக, மதினி ரெங்கம்மாளின் தம்பி சுருளியின் தோட்டத்துக்கு வண்டியைக் கொண்டு போனார்கள். பேரையூரிலிருந்து ஒரு மைல். செவ்வாய்க்கிழமை மதியம் போய்ச் சேர்ந்தார்கள். அன்று மாலை, பம்புசெட் தொட்டியில் குளித்துவிட்டு ஈரச் சேலையோடு வந்த ரெங்கம்மாள், வண்டிக் கதவின் கைப்பிடியைப் பிடித்தாள். பிடித்த கையை அவளால் விட முடியவில்லை.

இன்று வியாழன். மின்சார ஆய்வு அதிகாரி மதுரையிலிருந்து வருகிறார். ஒயரிங் செய்தவன் கட்டாயம் வந்து நிற்க வேண்டும் என்று உத்தரவு.

---

தோட்டத்தில் வாகை மரத்தடியில் வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. வரப்போரமாகப் போட்டிருந்த கட்டிலில் நல்லகாமன் உட்கார்ந்திருந்தார். காலையில் பால் ஊற்றிவிட்டு வந்து தலை மழித்திருந்தார். பட்டாளத்து மீசையும் போயிருந்தது. அந்த முகத்தை விருமாண்டியால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"அண்ணே..."

"வண்டியத் தொடாத. ஆபீசர் வரட்டும்."

சுருளி பம்புசெட் அறை வாசலில் நின்றுகொண்டு, காறித் துப்பிவிட்டு உள்ளே போனான். வந்தவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுக்க யாரும் அங்கே இல்லை.

பம்புசெட் அறைச் சுவரில் பல்பு எரியும் பலகைக்குக் கீழே இரண்டு ஓட்டை உள்ள ஒரு பிளக் பாயிண்ட் இருந்தது. சுருளி ரேடியோ கேட்பதற்காகப் போட்டது. வண்டியிலிருந்து வந்த நீளமான ஒயர் அதன் கீழே சுருண்டு கிடந்தது. அக்கா விழுந்ததும் சுருளி பிடுங்கி எறிந்த நிலையிலேயே இருந்தது. சிவப்புக் கம்பியும் கறுப்புக் கம்பியும் நுனி முறுக்கி இருந்தன. ஓட்டையில் இறுக்கமாக நிற்க அடைத்த தீக்குச்சி ஒன்று இன்னும் உள்ளேயே இருந்தது. பச்சைக் கம்பி மட்டும் பின்னால் மடக்கி ஒயரோடு ஒட்டினாற்போல் வைக்கப்பட்டிருந்தது.

விருமாண்டி குனிந்து பார்த்தான். மடித்திருந்த விதத்தில் அவசரம் தெரியவில்லை. யாரோ பொறுமையாக, குத்திக்கொள்ளாதபடி மடித்திருக்கிறார்கள்.

"சித்தப்பா."

வண்டிக்குள்ளிருந்து தங்கப்பொண்ணு கூப்பிட்டாள். அண்ணனின் ஒரே மகள். பத்தொன்பது வயது. இரண்டு நாளாக யாரோடும் பேசாமல், கேட்டதற்கு மட்டும் தலையசைத்துக்கொண்டிருக்கிறாள் என்று வழியில் யாரோ சொன்னார்கள்.

"உள்ள வாங்க சித்தப்பா. கரண்டுதான் இல்லைல. அம்மா சேல ஒண்ணு வேணுமாம், மாமா கேட்டாரு. பெட்டி மூடி தெறக்க மாட்டேங்குது."

அவன் அண்ணனைத் திரும்பிப் பார்த்தான். அவர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். விருமாண்டி வண்டிக்குள் ஏறினான்.

உள்ளே வெக்கை முகத்தில் அடித்தது. படுக்கையில் மதினியின் தலையணை இன்னும் பள்ளம் விழுந்தபடி இருந்தது. அவன் மாட்டிய சின்ன ஃபேன் மேலே தொங்கியது. பெட்டி மூடியை நெம்பித் திறந்து கொடுத்தான். தங்கப்பொண்ணு அரக்குச் சேலை ஒன்றை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் ஸ்டவ் மேடையில் இருந்த எவர்சில்வர் டம்ளர் அவன் கண்ணில் பட்டது. உள்ளே அந்தப் பிளக். மூன்று பித்தளைக் கால்கள். பக்கத்திலேயே அதன் திருகுகள், ஒன்று கூடக் குறையாமல்.

பிளக் இருக்கிறது. அவன் மாட்டியதுதான். இதை அண்ணன் முன்னால் கொண்டு போய் வைத்தால் போதும். இரண்டு நாளாக மாரில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று சற்றே நகர்ந்தது போலிருந்தது.

"இத யாரு கழட்டுனது தங்கம்?"

"நான்தான்," என்றாள் அவள், சேலையின் மடிப்பைச் சரிசெய்துகொண்டே. "அப்பாவும் மாமாவும் ஊருக்குள்ள போயிட்டாக. அம்மாவுக்கு வேர்த்து ஊத்துச்சு. மூச்சு வாங்குதுன்னு சொன்னுச்சு. இதுல மூணு காலு, அங்க ஓட்டை ரெண்டுதான். அம்மாகிட்டக் கேக்கலாம்னா அசந்து கண்ணு மூடிருச்சு. கத்தியால கழட்டி ரெண்டு கம்பிய மட்டும் சொருகுனேன். ஃபேன் ஓடுச்சு. பச்சைக் கம்பிக்கு அங்க இடம் இல்லைல சித்தப்பா. அதான் மடக்கி விட்டேன். அது எதுக்கு?"

விருமாண்டி படுக்கையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான்.

"பச்சைக் கம்பி இல்லாம எங்கயும் சொருகக் கூடாது" என்று அவன் சொல்லித்தான் கொடுத்தான். அண்ணன் அப்போது ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கேட்டது மதினி மட்டும்தான். "சரிங்க கொழுந்தனாரே, பச்சைக்கொடி காட்டாம ரயிலு கிளம்பாது" என்று சிரித்தாள்.

"சித்தப்பா, அது எதுக்குன்னு கேட்டேன்."

"அது... சும்மா உபரிக் கம்பி. ஒண்ணு போனா மாத்திக்கிறதுக்கு."

"அம்மா நல்லாத் தூங்குச்சு சித்தப்பா. ரெண்டு மணி நேரம். எந்திரிச்சதும் எங்கிட்ட, மகராசி, எங்க இருந்து காத்தக் கொண்டாந்தன்னு கேட்டுச்சு."

அவள் இதைச் சொல்லும்போது அழவில்லை. அவனுக்குத்தான் கண் நிறைந்துவிட்டது. முகத்தைத் துடைக்கிற சாக்கில் திரும்பி, டம்ளரைக் கவிழ்த்துப் பிளக்கையும் திருகுகளையும் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

வெளியே ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

---

அதிகாரி அதிகம் பேசாத மனிதர். கூட ஒரு ஏட்டையா வந்திருந்தார். பம்புசெட் அறையை அரைமணி நேரம் பார்த்தார். மோட்டாருக்குப் போட்டிருந்த எர்த் கம்பியை அது மண்ணுக்குள் இறங்கும் இடம் வரை இழுத்துப் பார்த்தார். "இது நல்லாத்தான் இருக்கு" என்று குறித்துக்கொண்டார்.

பிறகு வண்டிக்குள் ஏறி ஃபேன் மாட்டிய தகரத்தைக் கழற்றினார். அவரது கை நின்றது.

"ஒயர்மேன், இங்க வாங்க."

விருமாண்டி போனான். கூரைத் தகரத்தில் ஒயர் நுழையும் ஓட்டை. அதன் விளிம்பு கத்தி போலிருந்தது. வண்டி குலுங்கிக் குலுங்கி ஒயரின் மேல்தோல் தேய்ந்து, செம்பு பளபளத்தது.

"இந்த ஓட்டையில ரப்பர் எங்க?"

"போடல சார்."

"ஏன்?"

"கையில இருந்தது சைஸ் சேரல. டேப்பு சுத்தி விட்டேன். காசிக்குப் போறதுக்குள்ள மாத்திடலாம்னு..."

இரவெல்லாம் அவன் இதை நினைத்துத்தான் பயந்துகொண்டிருந்தான். செல்லத்தாயிடம்கூடச் சொல்லவில்லை. ஒரு நாள் பொறுத்து டவுன்ஹால் ரோட்டுக்குப் போயிருந்தால் அந்த ரப்பர் கிடைத்திருக்கும். அண்ணன் கிளம்பும் அவசரத்தில் இருந்தார். ஆறு வருஷம் கழித்துப் பேசிய அண்ணனிடம் இன்னொரு நாள் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை.

அதிகாரி இறங்கி வந்தார். நல்லகாமன் கட்டிலிலிருந்து எழுந்தார். சுருளியும் வந்து நின்றான். செல்லத்தாய் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு இரண்டடி முன்னால் வந்தாள். வண்டி வாசலில் சேலையோடு தங்கப்பொண்ணு.

"ஒயர் தேய்ஞ்சு தகரத்துல பட்டிருக்கு," என்றார் அதிகாரி. "வண்டி ரப்பர் டயர்ல நிக்குது. கரண்டு கீழ இறங்க வழி இல்ல. உள்ள இருந்தவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. ஈரக் காலோட மண்ணுல நின்னு தொட்டவங்க மேல பாஞ்சிருக்கு. ஆனா ஒண்ணு. இந்தப் பச்சைக் கம்பிய முறையா எர்த்தோட சேத்திருந்தா, ஒயர் தகரத்தத் தொட்ட அந்த நிமிஷமே ஃபியூஸ் போயிருக்கும். அந்தம்மா இன்னைக்கு உயிரோட இருந்திருப்பாங்க."

தங்கப்பொண்ணின் கையிலிருந்த சேலை மெல்லச் சரிந்தது.

"இதுல பிளக் ஏன் இல்ல? இப்படி தீக்குச்சி வச்சு சொருகுனது யாரு?"

தங்கப்பொண்ணின் உதடு அசைந்தது.

"நான்தான் சார்," என்றான் விருமாண்டி.

குரல் தேவைக்கு அதிகமாக ஓங்கி வந்தது.

"நீங்க இங்க இல்லையே அன்னைக்கு?"

"இல்ல சார். பிளக்கு மாட்டாமத்தான் குடுத்து விட்டேன். ரெண்டு ஓட்டை இருந்தா பச்சைய மடக்கி விட்டுட்டு, சிவப்பையும் கறுப்பையும் மட்டும் சொருகுங்கன்னு சொன்னதும் நான்தான். சொன்னத அவங்க செஞ்சிருக்காங்க. அவங்க மேல ஒரு குத்தமும் இல்ல."

"ஏங்க!" செல்லத்தாய் அலறினாள். "என்ன பேசுறீங்க? பிளக்கு மாட்டுனீங்கள்ல? சார், அவரு மாட்டுனாரு சார், நான் பக்கத்துல..."

"நீ சும்மா இரு."

"நான் எதுக்குச் சும்மா இருக்கணும்?"

"சும்மா இருன்னா இரு!"

பதினாறு வருஷத்தில் அவன் அவளிடம் அப்படிக் கத்தியதில்லை. செல்லத்தாய் திகைத்து நின்றாள்.

அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு அவனை உற்றுப் பார்த்தார். "லைசென்ஸ் வச்சிருக்கிற ஆளு நீங்க. இதச் சொன்னா என்ன ஆகும்னு தெரியுமா? லைசென்ஸோட முடியாது. கேஸ் ஆகும்."

"தெரியும் சார்."

"சொன்னத மாத்திச் சொல்ல மாட்டீங்களே?"

"மாத்த மாட்டேன்."

நல்லகாமன் தம்பியின் முன்னால் வந்து நின்றார். அடிக்கப் போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஏட்டையா ஒரு அடி குறுக்கே வந்தார். ஆனால் நல்லகாமன் கையை ஓங்கவில்லை.

"அப்பாவையும் நீதான் அனுப்பி வச்ச," என்றார் மெதுவாக. "அவளையும் நீதான் அனுப்பி வச்சிருக்க. எனக்குன்னு என்னடா மிச்சம் வச்ச?"

விருமாண்டி அண்ணனின் காலைப் பார்த்தபடி நின்றான். அவர் தோளுக்கு அப்பால் வண்டி வாசலில் தங்கப்பொண்ணு நிற்பதும், அவள் தன்னையே பார்ப்பதும் தெரிந்தது. அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். தலையை மிக லேசாக, இல்லை என்று அசைத்தான். கண்ணீர் தாடை வரை இறங்கியிருந்தது. அதைத் துடைக்கவும் இல்லை.

"ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுப் போயிரலாம் வாங்க," என்றார் ஏட்டையா.

---

ஜீப் வரை செல்லத்தாய் பின்னாலேயே ஓடினாள்.

"எதுக்கு இந்தப் பொய்யி? யாரக் காப்பாத்துறீங்க? ஒங்க அண்ணனையா? அவரு சொருகுனாரா? சொல்லுங்க, இப்பவே போயி நாலு பேரு முன்னால கேக்குறேன்!"

"அண்ணன் இல்ல."

"பெறகு யாரு?"

விருமாண்டி ஜீப்பில் ஏறி உட்கார்ந்தான். "தங்கத்தத் தனியா விட்டுறாத," என்றான். "கெணத்துப் பக்கம் போக விடாத. ராத்திரியும் நீயே பக்கத்துல படு."

ஜீப் கிளம்பியது. புழுதி அடங்கும் வரை அவள் அங்கேயே நின்றாள். சொன்னது என்னவென்று அவளுக்குப் பாதிதான் பிடிபட்டது. பிறகு மீதியும் பிடிபட்டது.

அவள் ஓட ஆரம்பித்தாள்.

தங்கப்பொண்ணு கிணற்றுப் பக்கம் போகவில்லை. பம்புசெட் அறைக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியின் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் சேலை மடியில் கிடந்தது. செல்லத்தாய் மூச்சு வாங்க அவள் பக்கத்தில் உட்கார்ந்து, முதலில் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"சித்தி, பிளக்கு இருந்துச்சு."

செல்லத்தாய் அவள் பக்கம் திரும்பினாள்.

"நான்தான் கழட்டுனேன். சித்தப்பா எங்கிட்ட எதுவுமே சொல்லல. பச்சைய மடக்குன்னு யாருமே சொல்லல. நானாத்தான் மடக்குனேன்."

பஸ்ஸில் வரும்போது செல்லத்தாய் தேடிக்கொண்டு வந்தது இந்த வார்த்தையைத்தான். இதை இந்தப் பெண் ஸ்டேஷனில் வந்து ஒருமுறை சொன்னால், அவன் மேல் விழுந்த பழியில் பாதியாவது இறங்கும். கடை இருக்கும். ஒருவேளை ஜெயிலும் இல்லாமல் போகும்.

"அந்த ஆபீசர் சொன்னது நெசமா சித்தி? பச்சைக் கம்பிய நான் மடக்காம இருந்திருந்தா அம்மா இருந்திருக்குமா?"

பிடித்திருந்த மணிக்கட்டு அவ்வளவு மெலிந்திருந்தது. இரண்டு நாளாக இவளுக்குச் சோறு போட்டது யார் என்று செல்லத்தாய்க்குத் திடீரென்று கேட்கத் தோன்றியது.

"இல்லத்தா," என்றாள். தன் குரல் தனக்கே யாருடையதோ போல் கேட்டது. "நீ ஒண்ணும் பண்ணல. ஒயர் தேய்ஞ்சதுதான் காரணம். ரப்பர் போடாம விட்டது ஒங்க சித்தப்பா. அது அவரு பண்ண தப்பு. அவரு தப்புலதான் ஒங்க அம்மா போச்சு."

சொல்லி முடித்ததும் அவளுக்குத் தன் புருஷன் மேல் தானே மண்ணள்ளிப் போட்டது போலிருந்தது.

தங்கப்பொண்ணு அவள் முகத்தையே பார்த்தாள். நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை.

"அப்படின்னா, ஏட்டையா கூட்டிட்டுப் போகும்போது சித்தப்பா எதுக்கு என்னப் பாத்து அழுதாரு?"

செல்லத்தாய் பதிலுக்காக வாயைத் திறந்தாள். அப்போது பின்னால் தண்ணீர் சளசளவென்று கொட்டும் சத்தம் கேட்டுத் திரும்பினாள்.

பம்புசெட் அறைச் சுவரோரம் நல்லகாமன் நின்றிருந்தார். கையில் இருந்த குடம் முழுசாகச் சாய்ந்து, தண்ணீர் அவர் வேட்டியில் இறங்கிக் காலடி மண்ணைச் சேறாக்கிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. எவ்வளவு நேரமாக அங்கே நிற்கிறார் என்றும் தெரியவில்லை. மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.